யாருக்கு என்பது முதலில்: கிருஷ்ணகிரித் தெரு ஒன்றில் பிள்ளைகள் செய்த பெருநாள் பரிசுகள்

சூழல்

கிருஷ்ணகிரி மலைக்கோட்டையின் அடிவாரத்தில் உள்ள பழையபேட்டையில், ஒரே தெருவைச் சேர்ந்த ஐந்து பிள்ளைகள் 2025ஆம் ஆண்டு ரமலான் மாதத்தில் தம் கையாலேயே பெருநாள் பரிசுகளைச் செய்தார்கள். அந்த வேலை எப்படித் தொடங்கியது, எங்கே தடுமாறியது, செய்த பொருள்களில் எவை பின்னரும் புழக்கத்தில் இருந்தன என்பதைப் பதிவு செய்வதே இந்த ஆய்வின் நோக்கம். கைவேலை கற்பிப்பவள் என்ற முறையில் நான் அவ்வீட்டுக்குச் சென்று உடனிருந்து குறிப்பெடுத்தேன். வேலையை நடத்தியவர் மூத்த பெண்ணின் தாய். பிள்ளைகளின் அடையாளம் தெரியக் கூடாது என்பதால் எவர் பெயரும் இங்கே தரப்படவில்லை.

மூத்த பெண்ணுக்கு வயது 13, அவள் தம்பிக்கு 11. அவர்களுடைய சித்தியின் பிள்ளைகளான 7 வயதுப் பையனும் 5 வயதுச் சிறுமியும் அதே வீட்டின் மாடியில் வசிக்கிறார்கள். வேலையை நடத்திய தாயை இவர்கள் இருவரும் ‘காலா’ (உருதில் தாயின் சகோதரி) என்று அழைப்பார்கள். ஐந்தாவது பிள்ளை, எதிர்வீட்டில் வசிக்கும் தெலுங்கு பேசும் குடும்பத்தைச் சேர்ந்த 9 வயதுப் பெண். உருதும் தெலுங்கும் கன்னடமும் தமிழோடு கலந்து புழங்கும் இந்த ஊரில் இப்படி ஒரு குழு அமைவதில் வியப்பு ஒன்றும் இல்லை. மூத்தவள் எல்லா நோன்பும் வைத்தாள். அவள் தம்பி விடுமுறை நாள்களில் மட்டும் வைத்தான். சிறியவர்கள் நண்பகல் வரை தாங்கும் ‘அரை நோன்பு’க்காரர்கள்.

முந்தைய ஆண்டும் இதே வீட்டில் கைவேலை நடந்தது. கைப்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்து, ஜிகினாத் தூளும் ஃபோம் தாளும் வாங்கி வந்து, காகித விளக்குகள் செய்யத் தொடங்கினார்கள். முதல் விளக்கு முடிவதற்குள் சிறியவர்களுக்கு அலுத்துவிட்டது; கண்ணில் ஜிகினா விழுந்து ஒரு பிள்ளை அழுதது; மீதியைப் பெரியவர்கள் இரவில் உட்கார்ந்து முடித்துச் சுவரில் மாட்டினார்கள். பெருநாள் முடிந்ததும் விளக்குகள் பரணுக்குப் போயின. இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். காணொளியைப் பார்த்துத் தொடங்கும்போது பொருள் முதலில் தீர்மானமாகிவிடுகிறது. அதைச் செய்யும் கை எது, பெறும் கை எது என்ற கேள்விகள் எழுவதே இல்லை.

பெயர்ப்பட்டியல்

2025இல் அந்தத் தாய் ஒன்றை மட்டும் மாற்றினார். என்ன செய்யலாம் என்று கேட்காமல், யாருக்குக் கொடுக்கலாம் என்று பிள்ளைகளிடம் கேட்டு, அவர்கள் சொன்ன பெயர்களைப் பழைய நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதினார். நானிமா (அம்மாவின் அம்மா), பெங்களூரில் இருக்கும் அத்தை, தெருமுனைத் தையற்கடைக்காரர், பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் மோதினார், பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியை, எதிர்வீட்டு அம்மா என்று பட்டியல் வளர்ந்தது. ‘சஹருக்கு எழுப்புற ஃபக்கீர் பாய்’ என்று 7 வயதுப் பையன் சொன்னபோது பெரியவர்கள் ஒரு கணம் யோசித்தார்கள். நோன்பு மாதத்தில் விடியலுக்கு முன் உண்ணும் சஹர் உணவுக்காக, தஃப் என்னும் பறையை அடித்துப் பாடியபடி தெருத்தெருவாக வந்து மக்களை எழுப்புபவர் அவர். பெருநாளன்று வீடுகளில் அவருக்குக் காசு கொடுப்பது வழக்கம்; பரிசு என்று எவரும் எதையும் கொடுத்ததில்லை.

பெயர் தெரிந்ததும் பொருள் தானாகவே தெளிந்தது. ஃபக்கீர் பாய் இரு கைகளாலும் தஃப் அடிப்பவர், ஆகவே தோளில் மாட்டும் பை. நானிமாவுக்குக் கண்புரை இருப்பதால் இருட்டில் தஸ்பீஹ் மணியை (இறைவனைத் துதிக்க எண்ணும் மணிமாலை) தேடித் தடவுவார், ஆகவே கையால் தொட்டே அடையாளம் காணக்கூடிய ஒரு சுருக்குப் பை. அதன் நாடா நுனியில் மூன்று முடிச்சுகள் போட வேண்டும் என்று யோசனை சொன்னவள் 9 வயதுப் பெண். அத்தைக்கு அத்தர் குப்பி வைக்கும் சிறு பை. மோதினாருக்குத் தொப்பிப் பையும் அட்டையும். ஆசிரியைக்கு அட்டை. தெருப் பிள்ளைகளுக்கு ஈதி என்னும் பெருநாள் காசு கொடுக்க உறைகள். இந்தப் பட்டியல் இல்லாமல் இருந்திருந்தால் அந்த ஆண்டும் காகித விளக்குகள்தான் செய்திருப்பார்கள் என்பது என் கணிப்பு.

துணிக்குப் பஞ்சமில்லை. ஜவுளிக்குப் பெயர்போன பர்கூர் பக்கத்திலேயே இருப்பதால், பெருநாள் தையல் குவியும் அந்த மாதத்தில் தையற்கடையில் வெட்டுத்துண்டுகள் மூட்டையாகக் கிடக்கும். கடைக்காரர் ஒரு மூட்டையை இலவசமாகவே கொடுத்துவிட்டார். அவருக்குத் தர வேண்டிய ஊசி செருகும் மெத்தையும் அவர் கொடுத்த துண்டுகளிலேயே உருவானது. விலை கொடுத்து வாங்கியவை துணிச் சாயம், பெரிய காதுள்ள ஊசிகள், வெள்ளைத் தாள் ஆகியவை மட்டுமே. பசைக்கு மைதாவைக் காய்ச்சினார்கள். சுவரொட்டி ஒட்டுபவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு என்பதால் பிள்ளைகள் தொடும் பசையில் சேர்க்கவே கூடாது. அன்றன்று கொஞ்சமாகக் காய்ச்சி அன்றே தீர்ப்பதுதான் வழி.

நேரம்

கைவேலை நூல்கள் பேசாத ஒரு சிக்கல் நோன்பு மாதத்தில் உண்டு. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் நோன்பு திறக்கும் வரை உள்ள இடைவெளி பெரியவர்கள் பார்வையில் பிள்ளைகளுக்கு ‘சும்மா இருக்கும் நேரம்’. ஆனால் மார்ச் மாதக் கிருஷ்ணகிரி வெயிலில் நோன்பிருக்கும் ஒரு 13 வயதுப் பெண்ணுக்கு நாளின் மிகக் களைப்பான நேரம் அதுதான். முதல் வாரத்தில் நடந்த எல்லாச் சண்டைகளும் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் நடந்தன. பிறகு வேலையைப் பிரித்தார்கள். நோன்பில்லாத சிறியவர்களுக்கு மாலையில் அச்சிடும் வேலை. கத்தரிக்கோலும் ஊசியும் நோன்பு திறந்த பிறகு, பெரியவர்கள் தராவீஹ் என்னும் ரமலான் இரவுத் தொழுகைக்குக் கிளம்பும் வரை.

மாலையில் செய்தே ஆக வேண்டிய தையல் ஒன்றிரண்டு இருந்தன. ஊசியில் நூல் கோக்கும்போது நுனியை நாவில் நனைப்பது மூத்தவளின் வழக்கம். நோன்போடு அதைச் செய்யத் தயங்கி, ஒவ்வொரு முறையும் 5 வயதுச் சிறுமியிடம் நீட்டி நனைத்துத் தரச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானிமா ஒரு மெழுகுவர்த்தித் துண்டை எடுத்து, நூலை அதன்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி இழுத்துக் காட்டினார். மெழுகு பூசிய நுனி விறைத்து நின்று ஒரே முயற்சியில் காதுக்குள் நுழைந்தது. நூல் சிக்கு விழுவதும் குறைந்தது. சிறிய பிள்ளைகளோடு தைக்கும் எவரும், நோன்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்த முறையைக் கைக்கொள்ளலாம்.

பிறை எப்படிப் படுத்திருக்கும்

பைகளில் வடிவம் அச்சிட வெண்டைக்காயும் உருளைக்கிழங்கும் போதுமானவையாக இருந்தன. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் பெரும்பாலும் ஐந்து அறைகள் தெரியும். சாயத்தில் தொட்டு ஒற்றினால் ஐந்துமுனை விண்மீன் கிடைக்கும். பிறையை உருளைக்கிழங்கில் செதுக்க வேண்டும். செதுக்குவதற்குக் கத்தி பிடித்தவர் தாய். எங்கே செதுக்க வேண்டும் என்று கோடு போட்டவன் 7 வயதுப் பையன். வெட்டிய கிழங்கின் முகத்தில் நீர் கசியும். அதைத் துணியால் ஒற்றி எடுத்துச் சிறிது நேரம் ஆறவிடாவிட்டால் சாயம் நீர்த்துத் துணியில் பரவிவிடும். சாயத்தைக் கிண்ணத்தில் ஊற்றாமல், நனைத்துப் பிழிந்த பஞ்சுத் துண்டில் தடவி அதன்மேல் கிழங்கை ஒற்றச் செய்ததால் அளவாகப் பிடித்தது.

அந்தப் பையன் பிறைகளை எல்லாம் இரு முனைகளும் மேல்நோக்கி நிற்க, படகைப் போலப் படுக்கவைத்தே அச்சிட்டுக்கொண்டு போனான். கொடிகளிலும் வாழ்த்து அட்டைகளிலும் பார்த்துப் பழகியபடி பிறை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று தாய் திருத்தினார். ‘காலா, நான் பாத்தப்ப இப்படித்தான் இருந்துச்சு’ என்று அவன் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, அவர் கைப்பிடித்துத் திருப்பியபடியே மீதியை அச்சிட்டான். பையில் முதல் வரிசை படுத்த பிறைகளும் அடுத்த வரிசை நின்ற பிறைகளுமாக ஆயிற்று.

உண்மையில் பையன் சொன்னதே சரி. பிறையின் ஒளிரும் விளிம்பு எப்போதும் சூரியன் இருக்கும் திசையை நோக்கியே இருக்கும். நில நடுக்கோட்டுக்கு அருகே, ஏறத்தாழ 12.5 பாகை வட அகலாங்கில் இருக்கும் கிருஷ்ணகிரியில், மார்ச் மாத மாலையில் இளம்பிறை மறைந்த சூரியனுக்கு ஏறக்குறைய நேர் மேலே நிற்பதால், ஒளிவிளிம்பு கீழாகவும் முனைகள் மேலாகவும் தோன்றும். மாதத் தொடக்கத்தில் மாடியில் நின்று கண்டதை அவன் அப்படியே அச்சிட்டிருக்கிறான். மார்ச் 30 மாலை தெருவே மாடியேறி மேற்கே பார்த்தபோது பிறை சற்றே வலப்பக்கம் சாய்ந்த படகாகத்தான் தெரிந்தது. தாய் அங்கேயே அவனிடம், ‘நீ சொன்னதுதான்டா சரி’ என்றார். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், பையைக் கொண்டுவந்து எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று கீழே ஓடினான்.

இதைவிடக் கடுமையான திருத்தம் ஒன்று அதற்கு முன்பே நடந்திருந்தது. 9 வயதுப் பெண் நானிமாவின் சுருக்குப் பையை ஓட்டுத் தையலில் முடித்திருந்தாள். தையல்கள் சில நெல்மணி அளவிலும் சில விரல்நக அளவிலும் கோணலாக ஓடின. மணி நழுவிவிடுமே என்ற அக்கறையில் தாய் இரவில் அதைப் பிரித்துத் தையல் எந்திரத்தில் ஓட்டிவிட்டார். மறுநாள் பையைக் கையில் எடுத்துப் பார்த்த பெண் ‘இது நான் தைச்சது இல்ல ஆன்ட்டி’ என்று கீழே வைத்துவிட்டாள். கோபமோ அழுகையோ இல்லை. அதைத் தன் பரிசாகக் கொடுக்க மறுத்தாள், அவ்வளவுதான். புதிதாக இன்னொன்று தைத்தாள். மணி நழுவாதிருக்க, பழைய துப்பட்டாத் துண்டை உள்துணியாக வைத்து இரண்டு அடுக்காகத் தைக்கும்படி நானிமா சொல்லிக்கொடுத்தார். குறையை நீக்கும் வழியைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்தது அது. கத்தி, சூடான இஸ்திரிப் பெட்டி, கொதிக்கும் பசை ஆகியவற்றுக்கு அப்பால் பெரியவர்களின் கை நீளத் தேவையில்லை என்ற என் எண்ணம் அன்றைக்கு உறுதிப்பட்டது.

பட்டுக்கூட்டுப் பூ

பட்டுப்புழு வளர்ப்பும் பட்டுக்கூடு அங்காடியும் உள்ள தருமபுரிப் பகுதியில் இந்த 9 வயதுப் பெண்ணின் தாய்மாமனும் புழு வளர்க்கிறார். புழுக்கள் கூடு கட்டும் சந்திரிகைத் தட்டில் விற்காமல் ஒதுங்கிப்போய், அந்துப்பூச்சி துளைத்துக்கொண்டு வெளிவந்துவிட்ட கூடுகளை அவர் ஒரு பையில் கொடுத்தனுப்பினார். ஒரே இழையாகச் சுற்றப்பட்ட கூட்டைப் பூச்சி துளைத்துவிட்டால் இழை அறுந்துபோவதால் கூட்டிலிருந்து ஒரே இழையாக நூல் இழுக்கும் ஆலைக்கு அது ஆகாது. கைவேலைக்கு அதுவே ஏற்றது. துளையாத கூட்டின் உள்ளே கூட்டுப்புழு இருக்கும், நாற்றமடிக்கும். அதைப் பிள்ளைகளிடம் தரலாகாது.

பூச்சி வெளிவந்த முனையிலிருந்து அடிவரை ஐந்து கீறல் வெட்டி, வெந்நீரில் சிறிது நேரம் ஊறவைத்தால் இழைகளைப் பிணைத்திருக்கும் இயற்கைப் பசை இளகிக் கூடு வளையும். இதழ்களை வெளிப்புறமாக மடக்கிக் காயவைத்தால் அந்த வளைவிலேயே இறுகி நிற்கும். மஞ்சள்பொடி கலந்த வெந்நீரில் மஞ்சள் நன்றாக ஏறியது. பீட்ரூட் சாற்றில் முதலில் அழகாக வந்த இளஞ்சிவப்பு வெயில் பட்டதும் வெளுத்துப்போயிற்று. வேலை அனைத்திலும் இதில்தான் பிள்ளைகள் தம்மை மறந்து உட்கார்ந்திருந்தார்கள். கூட்டின் ஓரத்தை நகத்தால் நிமிண்டினால் மெல்லிய ஏடு ஏடாகப் பிரிவதைக் கண்டுபிடித்த 5 வயதுச் சிறுமி, பூ செய்வதை விட்டுவிட்டு ஏடு பிரிப்பதையே தன் வேலையாக்கிக்கொண்டாள். அந்த ஏடுகளை அட்டைகளில் ஒட்டினார்கள்.

பூக்களில் ஒன்றை மோதினாருக்கான தொப்பிப் பையில் தைக்கலாம் என்று 11 வயதுப் பையன் சொன்னபோது நானிமா தடுத்தார். இஸ்லாத்தில் ஆண்கள் பட்டு அணிவது விலக்கப்பட்டது. பையில் தைப்பது அணிவது ஆகுமா என்று பையன் கேட்டது நியாயமான கேள்விதான். அதற்குச் சட்டம் பேசாமல், ‘வாங்குறவரு மனசுல ஒரு சங்கடம் வரக் கூடாது பேட்டா’ என்று மட்டும் அவர் சொன்னார். பூக்கள் எல்லாம் அத்தை, ஆசிரியை, எதிர்வீட்டு அம்மா ஆகியோர் பக்கம் போயின.

உறையும் அட்டையும்

ஈதி உறைகளை 11 வயதுப் பையன் கணக்குப் போட்டுச் செய்தான். வெள்ளைத் தாளைப் பாதியாக வெட்டினால் 210 மில்லிமீட்டர் உயரமும் 148 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட துண்டு கிடைக்கும். அதை உயரவாக்கில் மூன்றாக மடித்து, இரு பக்கமும் ஒட்டுவதற்கு 10 மில்லிமீட்டர் வீதம் விட்டால், 128 மில்லிமீட்டர் அகல உறை ஆகும். புதிய 10 ரூபாய்த் தாள் 123 மில்லிமீட்டர்; கச்சிதமாக உட்கார்ந்தது. பெருநாள் அன்று அவன் அப்பா புதிய 100 ரூபாய்த் தாள்களை எடுத்துவந்தபோதுதான் அவை 142 மில்லிமீட்டர் என்று தெரிந்தது. மொடமொடப்பான புதுத்தாளை மடித்துக் கொடுக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. வீட்டிலேயே சற்று நேரம் விவாதம் நடந்து, கடைசியில் ஆளுக்கு ஒரு 10 ரூபாய் உறையோடு 100 ரூபாய் தனியே கையில் கொடுக்கப்பட்டது. பிள்ளைகளுக்கு அதில் யாதொரு குறையும் இல்லை.

அட்டைகளில் இறைவசனம் எழுத மூத்தவள் விரும்பினாள். அட்டை நாளடைவில் குப்பைக்கோ காலடிக்கோ போகக்கூடும், வசனம் எழுதிய தாள் அப்படிப் போகக் கூடாது என்று நானிமா சொன்னதால் வாழ்த்து மட்டும் எழுதப்பட்டது. உருது வலமிருந்து இடமாக ஓடுவதால் அட்டையின் மடிப்பு வலப்பக்கம் வர வேண்டும், தமிழுக்கு இடப்பக்கம். ஒரே அட்டையில் இரண்டையும் எழுதியபோது முன்பக்கமும் பின்பக்கமும் இரண்டு முகப்புகளாகிவிட்டன. முகம், பறவை, விலங்கு ஆகியவற்றைத் தவிர்க்கும் வழக்கம் அந்த வீட்டில் உண்டு. ஆகவே ஒரு சதுரத்தின் மேல் இன்னொரு சதுரத்தை 45 பாகை திருப்பி வைத்து எண்முனை விண்மீன் வரைந்தார்கள். கட்டுப்பாடு என்று தோன்றும் இதனால் 5 வயதுச் சிறுமிக்கும் பங்கு கிடைத்தது. அவளால் முகம் வரைய முடியாது, சதுரத்தைத் திருப்பி ஒட்ட முடியும்.

இருபத்தொன்பதாம் நோன்பு

இந்தியாவில் அவ்வாண்டு ரமலான் மார்ச் 2 அன்று தொடங்கியது. முப்பது நோன்பு வரும் என்று நம்பி, கடைசி வேலைகளை மார்ச் 31க்கு ஒதுக்கிவைத்திருந்தார்கள். மார்ச் 30 ஞாயிறு மாலை பிறை தெரிந்து, மறுநாளே பெருநாள் ஆனது. அந்த ஞாயிறு யுகாதி. அமாவாசைக்கு மறுநாள் தெலுங்குப் புத்தாண்டு, அன்று மாலையே பிறை என்று இரண்டும் நிலவை வைத்தே வந்து அடுத்தடுத்து விழுந்தன. எதிர்வீட்டுப் பெண் பட்டுப்பாவாடையும் கையில் வேப்பம்பூப் பச்சடிக் கிண்ணமுமாகப் பகல் முழுவதும் தன் வீட்டு விருந்தில் இருந்தாள். ஃபக்கீர் பாயின் பைக்குத் தோள்வார் தைக்கும் பொறுப்போ அவளுடையது.

மருதாணி மட்டும் தப்பித்தது. சலித்த பொடியை எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் சேர்த்துக் குழைத்து மூத்தவள் சனிக்கிழமை இரவே ஊறவைத்திருந்தாள். குழைத்த மருதாணி சில நாள்களிலேயே வீரியம் இழப்பதால் முன்கூட்டிச் செய்து அடுக்க முடியாது; கடைசி நாளில்தான் கூம்புகளில் நிரப்ப முடியும். உடனே கருப்பாகப் பிடிக்கும் என்று விற்கப்படும் ‘கருப்பு மருதாணி’யில் தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் பாரா ஃபினைலின் டயமின் கலந்திருப்பதுண்டு; தோல் கொப்பளிக்கும், பிள்ளைகளுக்கு அது வேண்டவே வேண்டாம். இலைப்பொடி முதலில் ஆரஞ்சு நிறத்தில்தான் பிடிக்கும். ஓரிரு நாளில் கருஞ்சிவப்பாகும் என்பதைப் பெருநாள் காலையில் ஏமாந்த முகத்தோடு கையைப் பார்க்கும் தோழிகளுக்கு மூத்தவள் சொல்ல வேண்டியிருந்தது.

தோள்வாரைத் தைக்க நேரம் இல்லாமல் பையின் இரு ஓரத்திலும் துளையிட்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார்கள். பெருநாள் தொழுகைக்குப் பின் ஃபக்கீர் பாய் வந்தபோது 7 வயதுப் பையன் கொடுத்தான். அவர் அதை அங்கேயே தோளில் மாட்டி, முடிச்சை இழுத்துப் பார்த்து, இடுப்பளவு வரும்படி தாமே சுருக்கிக் கட்டிக்கொண்டார். தைத்திருந்தால் அளவு மாற்ற முடிந்திருக்காது.

பிறகு

ஜூன் 7 அன்று பக்ரீத். அதற்குச் சற்று முன்னர் நான் மீண்டும் விசாரித்தேன். நானிமாவின் பை அன்றாடப் புழக்கத்தில் இருக்கிறது. கோணல் தையல் ஒன்றும் பிரியவில்லை. தையற்கடை மெத்தையில் ஊசிகள் நிறைந்து நிற்கின்றன. அத்தையின் பையில் அத்தர் கசிந்து எண்ணெய்க் கறை படிந்துவிட்டது. அத்தர் குப்பிக்குத் துணிப்பை பொருந்தாது, உள்ளே நெகிழித் தாள் வைத்திருக்க வேண்டும். பைகளில் சில அச்சுகள் துவைத்ததும் மங்கின. அவை சாயம் ஒரு நாள் முழுவதும் காயாமல், உள்பக்கம் திருப்பி இஸ்திரி போடாமல் அவசரத்தில் விடப்பட்டவை. அட்டைகள் எங்கே போயின என்று எவருக்கும் தெரியவில்லை. எதிர்வீட்டு அம்மா பட்டுக்கூட்டுப் பூக்களைச் சாமி படத்துக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறார்.

பக்ரீத்துக்கான பெயர்ப்பட்டியல் அப்போது ஒட்டப்பட்டிருந்தது. உறைகளுக்கு 500 ரூபாய்த் தாளின் 150 மில்லிமீட்டர் அகலத்தை அளவாக வைத்து, முழுத் தாளில் வெட்டுவது என்று பையன் முடிவு செய்திருக்கிறான். பக்ரீத் மாதத்தின் பத்தாம் நாள் என்பதால் அன்று நிலா பிறையாக இருக்காதே என்று 7 வயதுக்காரன் கேட்டு, முழுமைக்குச் சற்றே குறைந்த வட்டம் ஒன்றைப் புதிதாகக் கிழங்கில் கோடு போட்டு வைத்திருந்தான். இந்த முறை எவரும் அதைத் திருப்பவில்லை. முடிக்க வேண்டிய நாளைப் பண்டிகைக்கு மூன்று நாள் முன்னதாகவே குறித்திருந்தார்கள். பட்டியலில் ஃபக்கீர் பாய் பெயருக்கு எதிரே ‘கேட்டுட்டு செய்யணும்’ என்று மூத்தவள் எழுதியிருந்தாள்.